கப்பலில் ஒரு விடுமுறை: முதலில் பத்திரம், பிறகு பணம்

எம்மவர்களின் பிறந்தநாள் விழாக்களிலும் சாமத்திய வீடுகளிலும் இப்போது கப்பல் கதை அடிபடத் தொடங்கியிருக்கிறது. ஒரு குடும்பம் நோர்வேக்குக் கப்பலில் போய் வந்தால் அந்தப் படங்கள் ஒரு கிழமைக்குள் நூறு கைத்தொலைபேசிகளுக்குப் போய்விடுகின்றன. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும்போது "எங்கே போனாய்?" என்று ஆசிரியை கேட்க, "வீட்டில் நின்றேன்" என்று சொல்லிச் சொல்லி எங்கள் பிள்ளைகளும் களைத்துவிட்டார்கள். ஆசை வருவது இயற்கை. அதில் பிழை ஒன்றும் இல்லை.

நான் சட்டத்தரணியும் இல்லை, பிரயாண முகவரும் இல்லை. ஜேர்மனியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை செய்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் குடும்பமாக இரண்டு தரம் கப்பலில் போய் வந்திருக்கிறேன். தெரிந்த குடும்பங்கள் பதிவு செய்யும்போது பக்கத்தில் இருந்து பத்திரங்களை வாசித்துக் கொடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தை இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் சட்டங்களைத் தங்கள் நாட்டுக்கேற்ப விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதையும் ஒரு வரியில் சொல்வதானால்: முதலில் பத்திரத்தைப் பாருங்கள், பிறகு பாதையைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் பணத்தைத் தொடுங்கள். எம்மவர்களில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவு விலை ஒன்று கண்ணில் பட்டதும் பணத்தைக் கட்டிவிட்டு, புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது விசாவைப் பற்றி யோசிக்கிறார்கள்.

கடல் என்றால் எல்லோருக்கும் ஒன்றல்ல

பதிவு செய்வதற்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து கேளுங்கள். 1990களில் இரவோடு இரவாகக் கிளாலிக் கடலைக் கடந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். 2009இல் புதுமாத்தளனில் இருந்து காயத்தோடு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சின்ன வள்ளத்தில் ராமேஸ்வரம் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கப்பல் என்ற சொல்லே வேறு ஞாபகத்தைக் கொண்டு வரலாம்.

"அம்மாவுக்குச் சொல்லாமல் கூட்டிப்போய் ஆச்சரியப்படுத்துவோம்" என்ற யோசனை வேண்டாம். இப்போதைய பெரிய கப்பல் பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் மாதிரி, உள்ளே நின்றால் பல நேரம் கடலில் இருப்பதே தெரியாது என்பதைச் சொல்லிக் காட்டுங்கள். படத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கரையிலும் நல்ல விடுமுறைகள் உண்டு.

உங்கள் கையில் இருப்பது என்ன பத்திரம்?

ஒரே வீட்டில் நான்கு விதமான பத்திரம் இருப்பது எங்கள் குடும்பங்களில் சாதாரணம். தகப்பனிடம் நீல நிற அகதிக் கடவுச்சீட்டு, தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும், பிள்ளையிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு, அம்மம்மா வேறு விசாவில். ஒரு கடதாசியை எடுத்து ஒவ்வொருவருடைய பெயர், பத்திரத்தின் வகை, அது முடியும் திகதி, வதிவிட அட்டை முடியும் திகதி என்று எழுதுங்கள். கப்பல் திரும்பி வரும் நாளுக்கு அப்பாலும் எல்லாம் செல்லுபடியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே போகும் பாதைகளில் பொதுவாக ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

அகதிக் கடவுச்சீட்டு என்பது 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்படுவது. அட்டையின் மூலையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஜேர்மனியின் வதிவிட அட்டையோடு அதை வைத்திருப்பவர் செங்கன் நாடுகளுக்குள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை உல்லாசப் பயணமாகப் போய் வரலாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு ஜேர்மன் வதிவிட அட்டை வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். செங்கனுக்கு வெளியே கால் வைத்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம்.

அகதித் தஞ்சம் விசாரணையில் இருப்பவர்களும் டுல்டுங் பத்திரத்தில் இருப்பவர்களும் இந்தக் கப்பல் பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். டுல்டுங் ஜேர்மன் எல்லையைக் கடந்தவுடனேயே செல்லாமல் போய்விடும். ஒரு கிழமை உல்லாசத்துக்காகப் பல வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்கக் கூடாது. விண்ணப்பம் முடிவாகும் வரை கொடுக்கப்படும் பிக்ஷன் பத்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் சில வகையோடு திரும்பி உள்ளே வரலாம், சில வகையோடு வர முடியாது. எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, வெளிநாட்டவர் காரியாலயத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பத்திரம் வேண்டும். ஜேர்மன் பிரசையான பிள்ளைக்கு முன்பு கொடுத்த மலிவான சிறுவர் கடவுச்சீட்டு 2024 ஜனவரியில் இருந்து புதிதாகக் கொடுக்கப்படுவதில்லை. சாதாரணக் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ எடுக்க வேண்டும். அதற்குச் சில கிழமைகள் ஆகும். தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளையைக் கூட்டிப்போனால், அல்லது பேரன் பேத்தியை அம்மம்மா கூட்டிப்போனால், பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் கையில் இருக்கட்டும்.

பாதையை ஒவ்வொரு துறைமுகமாக வாசியுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹம்பேர்க்கில் ஏறி ஹம்பேர்க்கில் இறங்கும் ஏழு நாள் பயணம். விளம்பரத்தில் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து என்று பெரிதாக இருந்தது. நடுவில் ஒரு நாள் சவுத்ஹாம்ரன். அது இங்கிலாந்து. பிள்ளைகள் ஜேர்மன் பிரசைகள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தாய்க்கும் அம்மம்மாவுக்கும் இங்கிலாந்து விசா இல்லை. "நாங்கள் அன்றைக்குக் கப்பலை விட்டு இறங்க மாட்டோம்" என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பலன் இல்லை. பெட்டிகளும் பிள்ளைகளுமாகத் துறைமுகத்தில் நின்று, கடைசியில் தகப்பனும் பிள்ளைகளும் மட்டும் ஏறினார்கள். மற்ற இருவருடைய பணம் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அந்தப் பயணத்தைப் பற்றி இன்றைக்கும் பேச விரும்புவதில்லை.

இதில் இருந்து இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் பல நாடுகள் கப்பலில் உள்ள எல்லோரிடமும் விசா கேட்கும். இரண்டாவது, ஒரு துறைமுகத்துக்கான விசா இல்லாவிட்டால் முதல் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கும் உரிமை கொம்பனிக்கு இருக்கிறது. பத்திரம் சரியாக இருப்பது பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். முகவர்கள் பெரும்பாலும் ஜேர்மன் பிரசைகளுக்கான விதியையே சொல்வார்கள். "நான் ஜேர்மன் பிரசை அல்ல, என்னிடம் இந்தப் பத்திரம்தான் இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்களுக்குச் சுலபமான பாதைகள் எவை? கீல், ஹம்பேர்க், வார்னமுண்ட துறைமுகங்களில் இருந்து டென்மார்க், நோர்வே மட்டும் போய்த் திரும்பும் பாதைகள் நல்லது. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் செங்கனுக்குள் இருக்கிறது. தெற்கே ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்ரா மட்டும் சுற்றும் பாதையும் அப்படித்தான். குரோஷியா 2023இல் செங்கனில் சேர்ந்துவிட்டது.

எவற்றில் கண் வைக்க வேண்டும்? ஐஸ்லாந்துப் பாதைகள் பல ஸ்கொட்லாந்திலும் நிற்கும், அது இங்கிலாந்து விசா. மத்தியதரைக் கடலில் ஜிப்ரால்ரர், துனிசியா, மொரோக்கோ, துருக்கி, மொன்ரெனீக்ரோ, அல்பானியா எல்லாம் செங்கனுக்கு வெளியே. கனேரித் தீவுகளைச் சுற்றும் பாதையில் சில நேரம் மொரோக்கோவின் அகாதீர் செருகப்பட்டிருக்கும். நோர்வேயின் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவும் செங்கனுக்குள் இல்லை. இப்படியான பாதையில் போக ஆசை என்றால், அந்த நாட்டுத் தூதரகத்தில் உங்கள் பத்திரத்தைக் காட்டிக் கேட்டு, விசா எடுக்க முடியும் என்று உறுதியான பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் இந்து சமுத்திரத்தில் ஓடும் உல்லாசக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்திலும் நிற்பதுண்டு. அகதிக் கடவுச்சீட்டு இலங்கைக்குச் செல்லாது. அது மட்டுமல்ல, 2024 ஒக்ரோபரில் ஜேர்மனியில் சட்டம் இறுக்கப்பட்டது. பாதுகாப்புப் பெற்றவர் தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் சொந்த நாட்டுக்குப் போனால், இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு அந்தஸ்தைப் பறிக்க அது வழி செய்கிறது. கப்பல் அங்கே நின்றது, நான் சும்மா இறங்கினேன் என்று பிறகு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

பெயர் ஒரு எழுத்தும் மாறக்கூடாது

எங்கள் பெயர்களின் நீளமும், தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா என்பதும் இந்த நாட்டுக் கணினிகளுக்குத் தலையிடி. வீட்டில் கூப்பிடும் பெயரையோ சுருக்கிய பெயரையோ பதிவில் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் குடும்பப் பெயர் முதலிலும் மற்றப் பெயர் பிறகும் வரும். அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். கணவன் மனைவியின் குடும்பப் பெயர் வேறு வேறாக இருப்பதும், பிள்ளையின் பெயர் இருவருடையதோடும் பொருந்தாததும் எங்களுக்குள் வழக்கம். அப்படியானால் திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை எடுத்துப்போவது நல்லது.

விளம்பர விலையும் உண்மை விலையும்

விளம்பரத்தில் விலைக்கு முன்னால் சின்ன எழுத்தில் 'அப்' என்று இருக்கும். 'இதில் இருந்து தொடங்கும்' என்பது அதன் அர்த்தம். ஆகக் குறைந்த கபின், ஆகக் குறைந்த கிழமை. இருவர் ஒரு கபினில் தங்கினால் ஆளுக்கு வரும் விலை அது. பிள்ளைகள் அதே கபினில் மூன்றாவது நான்காவது கட்டிலில் படுத்தால் குறைந்த விலை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கபின் எடுக்க வேண்டி வரும்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு உதாரணம் போடுகிறேன். இது எந்தக் கொம்பனியின் விலையும் அல்ல. இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு 599 யூரோ, அது 1198. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 150, அது 300. இதுவரை 1498. சில கொம்பனிகளில் வேலையாட்களுக்கான சேவைப்பணம் விலைக்குள் இருக்கும், சிலவற்றில் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக அறவிடுவார்கள். ஆளுக்கு 12 யூரோ என்று வைத்தால் நான்கு பேருக்கு ஏழு நாளைக்கு 336. துறைமுகத்துக்குப் புகையிரதம் 200, காப்புறுதி 50, கரையில் செலவு 150, குடிவகைக்கும் சில்லறைக்கும் 120. கூட்டினால் 2354 யூரோ. 1200 யூரோவில் முடியும் என்று நினைத்துப் போனவர் அதைப்போல் இரண்டு மடங்கைக் கட்டுகிறார்.

கபின் மூன்று வகை. ஜன்னல் இல்லாத உள் கபின், ஜன்னல் உள்ள வெளிக் கபின், பல்கனி உள்ளது. கபினில் படுக்க மட்டும்தான் போகப் போகிறோம் என்றால் உள் கபின் போதும். இருட்டறைக்குப் பயப்படுபவர் இருந்தால் ஜன்னலுக்குக் காசு கொடுங்கள், அது வீண் செலவு அல்ல. தலைச்சுற்று வருபவர்கள் கீழ்த் தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

வட்டிக்குக் கடன் எடுத்துக் கப்பல் ஏறாதீர்கள். மாதம் 200 யூரோ ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 2400 சேரும். சீட்டுப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ஊருக்கு அனுப்பும் காசில் கை வைக்காமல் சேர்க்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள், கப்பல் எங்கும் போய்விடாது.

பணம் கட்டும்போது

ஜேர்மனியில் இப்படியான பயணம் சட்டப்படி ஒரு தொகுப்புப் பயணம். பணம் கேட்பதற்கு முன் சிஹருங்ஸ்ஷைன் என்ற பாதுகாப்புப் பத்திரத்தை உங்களுக்குத் தர வேண்டும். கொம்பனி வங்குரோத்தானால் உங்கள் பணத்தைத் திருப்பித் தர உத்தரவாதம் அதுதான். அது கைக்கு வராமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் "என் கணக்குக்குப் போடு, நான் கட்டுகிறேன்" என்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். முற்பணம் பொதுவாக 20 வீதம். மிச்சம் புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்.

இணையத்தில் சட்டை வாங்கினால் 14 நாட்களில் திருப்பி அனுப்பலாம். இணையத்தில் பதிவு செய்த பயணத்துக்கு அந்த உரிமை கிடையாது. பொத்தானை அழுத்தியதும் ஒப்பந்தம் முடிந்தது. பிறகு இரத்துச் செய்தால் நாள் நெருங்க நெருங்க வெட்டும் தொகை கூடும், கடைசி நாட்களில் பெரும் பகுதி போய்விடும். ஒருவருக்குப் போக முடியாமல் போனால், புறப்பட ஏழு நாட்களுக்கு முன்வரை அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கான மேலதிகச் செலவை நீங்கள் கொடுக்க வேண்டும்.

லீவும் பள்ளிக்கூடமும்

தொழிற்சாலையில் லீவு எழுத்தில் உறுதியாகும்வரை பதிவு செய்யாதீர்கள். ஷிப்ட் தலைவர் வாயால் "சரி" என்றது போதாது. பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளை நிறுத்திக் கூட்டிப்போனால் தண்டப்பணம் வரலாம். கோடை விடுமுறை ஆக விலை கூடிய காலம். இலையுதிர்கால விடுமுறையிலும் ஈஸ்ரர் விடுமுறையிலும் பெரும்பாலும் விலை குறைவு. கோயில் தேர்த்திருவிழா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வீட்டில் மனக்கசப்பு வேண்டாம். ஜொப்சென்ரரில் உதவிப்பணம் எடுப்பவர்கள் ஊரை விட்டுப் போவதற்கு முன் அங்கே அனுமதி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

வருத்தம் வந்தால்

கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் எங்கள் மருத்துவக் காப்புறுதி அட்டை அங்கே பொதுவாகச் செல்லாது. சாதாரணக் காய்ச்சலுக்கும் கையில் பில் தருவார்கள். கரைக்கு ஹெலிகொப்ரரில் கொண்டுபோக வேண்டி வந்தால் தொகை பல ஆயிரம். ஆகவே வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஒரு இளம் குடும்பத்துக்கு வருடம் முழுவதற்கும் பொதுவாக 50 யூரோவுக்குள் கிடைக்கும். வயது போனவர்களுக்குக் கூடும். பயணத்தை இரத்துச் செய்வதற்கான காப்புறுதி வேறு. அது திடீர் வருத்தத்துக்கு உதவும், விசா கிடைக்காமல் போனதற்குப் பொதுவாக உதவாது.

கர்ப்பிணிகள் கவனிக்க: பயணம் முடியும்போது 24 கிழமையைத் தொட்டுவிடுவார் என்றால் பெரும்பாலான கொம்பனிகள் ஏற்றமாட்டா. கைக்குழந்தைக்கு வழக்கமாக ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். சத்திக்கும் தலைச்சுற்றுக்குமான குளிசையை முன்கூட்டியே மருந்துக் கடையில் வாங்குங்கள். பிரஷர், சலரோகம் உள்ளவர்கள் மருந்துக் கடைக்காரரிடம் அதைச் சொல்லியே வாங்க வேண்டும். தினமும் எடுக்கும் மருந்துகளை இரண்டு மூன்று நாட்களுக்கு மேலதிகமாகவும், கைப்பையிலும் வையுங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு போய், கபினுக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் கொண்டு வருவார்கள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

கெற்றில், றைஸ் குக்கர், அயன் எதுவும் எடுத்துப்போக வேண்டாம். கப்பலில் நெருப்புத்தான் ஆகப் பெரிய பயம். ஏறும் இடத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். அதே காரணத்தால் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்திக்கும் இடமில்லை. சாமி படம் ஒன்றை வைத்துக் கும்பிடுவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

சமைத்த கறியை டப்பாவில் கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, உடைக்காத பிஸ்கற், மிக்சர் பைக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கப்பல் சாப்பாட்டில் உறைப்பு இருக்காது. சின்னப் போத்தல் மிளகாய்த்தூள் ஒன்று குடும்பத்தின் சமாதானத்தைக் காக்கும்.

நோர்வேயில் ஓகஸ்ட்டிலும் மழைச் சட்டை வேண்டும். நல்ல உடுப்பு ஒரு சோடி போதும், கப்பல் என்றவுடன் எல்லோரும் கோட் சூட் போடுவதில்லை. எல்லாப் பத்திரங்களின் பிரதியையும் கைத்தொலைபேசியில் ஒன்று, கடதாசியில் ஒன்று வையுங்கள்.

கப்பலுக்குள்

உள்ளே காசு புழங்காது. கபின் திறக்கும் அட்டையே பணப்பை. கடைசி நாளில் உங்கள் கடனட்டையில் இருந்து எடுப்பார்கள். கடனட்டை இல்லாதவர்கள் காசை முன்பணமாகக் கட்ட முடியுமா என்று பதிவின்போதே கேட்க வேண்டும். அட்டையைத் தட்டும்போது காசு போவது தெரியாது. பிள்ளைகளின் அட்டையைப் பூட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு இரவும் கணக்கைப் பாருங்கள்.

ஏறியதும் கைத்தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். நோர்வே, டென்மார்க் கரையில் உங்கள் ஜேர்மன் இணைப்பு வழக்கம்போல் வேலை செய்யும். நடுக்கடலில் கப்பலின் செய்மதி இணைப்புப் பிடித்தால் சில நிமிடங்களுக்கே பல யூரோ போய்விடும். சுவிஸ், இங்கிலாந்து இணைப்புகளுக்கு வேறு விலை.

பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் கட்டாயம் போக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களில் பலர் இன்னும் பயிற்சி எடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்டவுடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அது கேட்டால் எங்கே போக வேண்டும் என்று அம்மம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லி, ஒரு தரம் நடந்தும் காட்டுங்கள். நீச்சல் தடாகத்தில் பல கப்பல்களில் காவலாளி கிடையாது. பிள்ளையைக் கண்ணை விட்டு விடாதீர்கள்.

துறைமுகத்தில் இறங்கும்போது திரும்பி ஏறும் நேரத்தைக் கையில் எழுதுங்கள். கப்பல் ஒழுங்குசெய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் பிந்தினால் காத்திருக்காது. பேர்கனிலோ ஒஸ்லோவிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர்களைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்கள். பத்து வருடம் காணாத உறவை இரண்டு மணி நேரம் பார்ப்பதே பெரிய பயணம்தான். ஆனால் "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்ற அன்புக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பையும், பத்திரங்களையும், மருந்தையும் வெளியே எடுத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.

முதல் தரம் சின்னதாகத் தொடங்குங்கள்

ஏழு நாளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இரவு போய்ப் பார்க்கலாம். கீலில் இருந்து ஒஸ்லோவுக்கு கலர் லைன் கப்பல் பகல் 2 மணிக்குப் புறப்படும். மாலையில் டென்மார்க்கின் பெரிய பெல்ற் பாலத்தின் கீழாகப் போகும். 1998இல் வீதிப் போக்குவரத்துக்குத் திறந்த அந்தப் பாலத்தின் நடுப்பகுதி 1624 மீற்றர் தூரம் தூண் இல்லாமல் தொங்குகிறது. பிள்ளைகளை மேல்தட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மறுநாள் காலை 10 மணிக்கு ஒஸ்லோ, நான்கு மணி நேரம் ஊர் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்பலாம். இரண்டு பக்கமும் செங்கன். கடல் ஒத்துக்கொள்கிறதா, அம்மம்மாவுக்குப் பிடிக்கிறதா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

பத்திரம் இன்னும் கிடைக்காத குடும்பங்களும் மனம் தளர வேண்டாம். கொப்லென்ஸ் நகருக்கும் ரூடஸ்ஹைம் நகருக்கும் இடையில் ரைன் நதியில் பகல் கப்பல் ஓடுகிறது. இரு கரையும் ஜேர்மனிதான், எல்லைப் பிரச்சினை இல்லை. மலையும் கோட்டையும் பார்த்துக்கொண்டு போகலாம். இடக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொன்ஸ்ரன்ஸ் ஏரிக் கப்பலில் ஏறுவதானால் கவனம். சில கப்பல்கள் சுவிஸ் கரைக்கும் ஒஸ்ரியக் கரைக்கும் போகும்.

"ஊரில் சனம் கஷ்டப்படும்போது எங்களுக்கு என்ன உல்லாசம்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் ஷிப்ட் வேலை செய்யும் வீடுகளில் தாயும் தகப்பனும் வாசலில் மாறுகிறபோது மட்டும்தான் சந்திக்கிறார்கள். வருடம் முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண் ஏழு நாள் கோப்பை கழுவாமல் இருப்பதும், நான்கு பேரும் ஒரே மேசையில் மூன்று நேரமும் சாப்பிடுவதும் உல்லாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது குடும்பத்துக்குத் தேவையான ஓய்வு.

இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பதிவு செய்யும் நாளில் இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் புள்ளடி போடுங்கள்: எல்லோருடைய பத்திரமும் திகதியும். எல்லாத் துறைமுகமும் விசாவும். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர். லீவும் பள்ளி விடுமுறையும். கூட்டிப் பார்த்த முழு விலை. சிஹருங்ஸ்ஷைன். காப்புறுதி. ஒன்றாவது மிச்சம் இருந்தால் அன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம். எல்லாம் சரியென்றால் தயங்காமல் கட்டுங்கள், குடும்பத்தோடு சந்தோசமாகப் போய் வாருங்கள்.